கொடிப்பந்தலை ஒட்டி வேலிப் பலகை: பந்தல் காலிலேயே பூட்டலாமா, தனித் தூண் வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் செலேத்தார் ஹில்ஸில் வரிசை வீடு எங்களுடையது. பின்பக்கத் தோட்டத்தில் ஒரு மரக் கொடிப்பந்தல் இருக்கிறது. பெட்டியில் துண்டு துண்டாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் பைன் மர வகை. நான்கு கால், மேலே குறுக்குச் சட்டங்கள். உயரம் 2.2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 70 செ.மீ. ஒரு பக்கம் முல்லையும் மறுபக்கம் சங்குப்பூவும் ஏறி நன்றாக அடர்ந்திருக்கின்றன. கால்கள் தரை ஓட்டின் மேல் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு நிற்கின்றன.

பந்தலுக்கு வலப்பக்கம் ஒரே வரிசையில் மூன்று வேலிப் பலகைகள் வைக்கப் போகிறோம். ஒவ்வொன்றும் 180க்கு 180 செ.மீ., நெடுக்குச் சட்டங்கள் வைத்த அடைப்பான பலகை. எல்லை வேலி இல்லை. தோட்டத்துக்குள்ளேயே துணி காயப்போடும் இடத்தையும் ஏர்கான் கம்ப்ரசரையும் மறைப்பதற்காக. மாமாவும் அத்தையும் சாயங்காலம் பந்தலடியில்தான் உட்கார்வார்கள். அந்தச் சூடான காற்று நேராக அவர்கள் முகத்தில் அடிக்கிறது.

முதல் பலகையைப் பந்தல் காலிலேயே திருகிவிட்டால் ஒரு தூண் மிச்சம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம், பலகையோடு வந்த தாளில் தூணுக்குக் குழி 80 செ.மீ. ஆழம் என்று போட்டிருக்கிறது. நம் ஊருக்கும் அவ்வளவு தேவையா? தீபாவளிக்குள் முடிக்க ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தச்சன்மகன்

அக்கா, தனித் தூண் நடுங்கள். பந்தல் காலைத் தொடவே வேண்டாம்.

பந்தல் என்பது காற்றை ஊடே விடுகிற சட்டகம். அடைப்பான வேலிப் பலகை அப்படி இல்லை, பாய்மரம் மாதிரி வருகிற காற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் பந்தலில் மாட்டினால், தாங்குவதற்கென்று செய்யாத சுமையைப் பந்தல் தலையில் ஏற்றுகிறோம்.

இன்னொன்று, மரம் இங்கே சும்மா இருக்காது. குளிர் நாட்டில் உலர்த்தி அனுப்பிய பைன் மரம் நம் ஈரத்தில் அகலவாட்டில் உப்பும். நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் சுருங்கும். நீளவாட்டில் பெரிதாக மாறாது. உங்களுடையது நெடுக்குச் சட்டம் என்பதால் ஒவ்வொரு சட்டமும் உப்புவது பலகையின் அகலத்தில்தான் சேரும். இடம் விடாமல் பூட்டினால் சட்டங்கள் நெளியும், இல்லையென்றால் பந்தல் காலைத் தள்ளும்.

பந்தல் காலுக்கும் புதுத் தூணுக்கும் நடுவே கை தாராளமாக நுழையும் அளவு இடம் விடுங்கள், 8 முதல் 10 செ.மீ. வரை. அழகுக்காக இரண்டு விரல் இடைவெளி விடுவார்கள், அது கூடாது. முல்லைச் சருகு அதில் விழுந்து அடைத்துக்கொள்ளும், ஈரம் காயாது, தூரிகையும் உள்ளே போகாது.


கட்டுமானக்காரர்

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ‘தொடவே வேண்டாம்’ என்பதை ஏற்க முடியவில்லை. காற்றின் கணக்கைப் பார்ப்போம்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 24 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். இவர் பலகை ஒன்று 3.24 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒரு பலகைமேல் கிட்டத்தட்ட 80 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வருகிற சுமத்ரா சூறைக்காற்றில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் சாதாரணம். 2024 செப்டம்பர் 17 மாலை அடித்த காற்று தெங்காவில் 83ஐத் தொட்டது, தீவு முழுக்க மரங்கள் சாய்ந்தன. அந்த வேகத்தில் இதே பலகைமேல் 100 கிலோவுக்கு மேல் விழும்.

ஆனால் வரிசையின் நடுத் தூண் இரு பக்கப் பலகைகளிலும் பாதிப் பாதியை, அதாவது ஒரு முழுப் பலகையின் சுமையை வாங்குகிறது. ஓரத் தூணுக்குப் பாதிப் பலகைதான். பந்தல் காலைப் பகிர்ந்தால் அது ஓரத் தூண், 72 கிலோமீட்டர் காற்றுக்கு 40 கிலோ. பந்தல் நான்கு கால் உள்ள சட்டகம், வேலிக்குக் குறுக்காக 70 செ.மீ. ஆழம் இருக்கிறது. ஒற்றைத் தூணைவிட அது சாயாமல் நிற்கும். நன்றாக ஊன்றிய பந்தல் என்றால் வேலியைத் தாராளமாகத் தாங்கும்.


தச்சன்மகன்

கணக்கில் தப்பு சொல்லவில்லை அண்ணா. ‘நன்றாக ஊன்றிய’ என்றீர்களே, எல்லாம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்த 40 கிலோ தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் தள்ளுகிறது. ஆழம் 70 செ.மீ. என்றால், காற்று வருகிற பக்கத்துக் கால்களைத் தரையிலிருந்து பிடுங்கும் விசை 50 கிலோ வரும், இல்லையா? பந்தலின் சொந்த எடை கொஞ்சம் கழியும். கொடி அடர்ந்திருப்பதால் பந்தலே வாங்கும் காற்று அதற்கு மேல் கூடும். இதையெல்லாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஓட்டில் போட்ட நாலு போல்ட்.

அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். சுத்தியலின் மரப்பிடியால் பந்தல் காலைச் சுற்றியுள்ள ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். கீழே சிமெண்ட் தளம் இருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும்.


மல்லிகைப்பந்தல்

தட்டிப் பார்த்தேன். இரண்டு கால்கள் நிற்கும் இடத்தில் கெட்டிச் சத்தம். தோட்டத்து மண் பக்கம் உள்ள இரண்டு கால்களைச் சுற்றி ‘டொக் டொக்’ என்று காலியாகக் கேட்கிறது. அங்கே ஓரத்து ஓட்டின் கீழே மண்ணும் மணலும் தெரிகிறது, மழை நீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது போலிருக்கிறது. வேலி வரப்போவதும் அந்தப் பக்கத்துக் காலை ஒட்டித்தான்.


கட்டுமானக்காரர்

அப்படியென்றால் பேச்சே வேண்டாம், தனித் தூண்தான். இரண்டு கால் தளத்தில், இரண்டு கால் வெறும் ஓட்டில் என்றால் பந்தலே காலப்போக்கில் ஒரு பக்கம் இறங்கும். வேலி மண்ணில் ஊன்றி நிற்கும், பந்தல் ஓட்டின் மேல் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. இணைத்துவிட்டால் ஒன்று இறங்கும்போது மற்றதையும் சேர்த்து இழுக்கும். வேலி வேலையைத் தொடங்கும் முன் அந்த இரண்டு கால்களுக்கும் கீழே ஓட்டைப் பெயர்த்து கான்கிரீட் போட்டுவிடுங்கள். எப்படியும் கான்கிரீட் கலக்கப் போகிறீர்கள்.

குழி ஆழம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த 80 செ.மீ. உறைபனி விழும் நாடுகளுக்கான அளவு. மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்தால் மேலோட்டமான அடித்தளத்தைத் தூக்கிவிடும், அதனால் உறையாத ஆழம்வரை போகிறார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. நம் கவலை காற்றும், வடகிழக்குப் பருவமழையில் சேறாகும் மண்ணும். 180 செ.மீ. உயர அடைப்பான வேலிக்கு 60 செ.மீ. ஆழம், 25 செ.மீ. விட்டம் வையுங்கள். மண் கெட்டியான செம்மண்ணாக இருந்தால் அது போதும். கொட்டி நிரப்பிய மண் என்றால் கெட்டி மண் வரும்வரை தோண்டுங்கள், விட்டத்தையும் 30 ஆக்குங்கள்.

25க்கு 60 குழி ஒன்று கிட்டத்தட்ட 30 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டும் சேர்க்கும் 25 கிலோ கலவைப் பை ஒன்றில் ஏறக்குறைய 12 லிட்டர் கிடைக்கும். குழிக்கு இரண்டரைப் பை. மூன்று பலகைக்கு நான்கு தூண், ஆகப் பத்துப் பை. பந்தல் கால்களுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடப்பாறையைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். மண்ணுக்குள் மின்கம்பி போகிறதா என்று தெரியாமல் தோண்டக் கூடாது. அதைக் கண்டறிய உரிமம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கருவியோடு வந்து பார்த்துத் தரையில் குறித்துக் கொடுப்பார்கள். பழைய வரிசை வீடுகள் பலவற்றில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பின்பக்கத் தோட்டம் வழியாகத்தான் ஓடுகிறது. ஆள் இறங்கும் மூடி ஒன்று உங்கள் தோட்டத்திலும் அடுத்த வீட்டுத் தோட்டத்திலும் நேர்கோட்டில் தெரிந்தால் குழாய் அந்தக் கோட்டில்தான் போகிறது. அதன்மேல் அடித்தளம் போடுவதென்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும். வேலிக் கோட்டை நகர்த்திவிடுவது அதைவிடச் சுலபம்.


சிராங்கூன்_ராஜி

இடையில் ஒரு கேள்வி. உயரத்துக்கு விதி ஏதாவது உண்டா? எங்கள் வீட்டில் இருக்கிற எல்லைச் சுவரின் மேல் இதே மாதிரிப் பலகை வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.


கட்டுமானக்காரர்

எல்லைச் சுவருக்கும் எல்லை வேலிக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்ச உயரம் 1.8 மீட்டர். சுவரின் மேல் பலகை வைத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் உயரம். சுவர் ஏற்கெனவே 1.5 இருந்தால் உங்களுக்கு மிச்சம் 30 செ.மீ. அத்தோடு, தன் எடையை மட்டும் தாங்கக் கட்டிய பழைய செங்கல் சுவரில் அடைப்பான பலகையை மாட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சுவர் அண்டை வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்தால் பலகை போவதோடு முடியாது. சுவருக்கு உள்ளே, உங்கள் மண்ணில் தனி வேலியாக வையுங்கள். அடித்தளக் கான்கிரீட் எல்லையைத் தாண்டக் கூடாது, ஓரத்து லோங்காங்கையும் (வடிகாலையும்) அடைக்கக் கூடாது.


கிழக்குக்கரை

மரின் பரேட் பக்கம் இருப்பவன் என்ற முறையில் திருகாணி பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் காசைப் பார்க்காதீர்கள்.

பெட்டியோடு வரும் மஞ்சள் பூச்சுத் திருகாணி வீட்டுக்குள் அலமாரி பூட்டச் சரி. வெளியே, அதுவும் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பைன் மரத்தில், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அந்த மருந்தே இரும்பை அரிக்கும். தலையைச் சுற்றி முதலில் கருப்பாகக் கறை வரும், பிறகு கண்ணீர்க் கோடு மாதிரி பலகையில் இறங்கும். செலேத்தார் ஹில்ஸ் என்றால் 304 ரக எவர்சில்வர் போதும். கடற்காற்று படும் இடத்தில் 316. தூணைத் தாங்கும் இரும்புப் பாதங்கள் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும், மெல்லிய மின்பூச்சு வேண்டாம். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் எண்ணிக் கொடுப்பார்கள், பெட்டியாக வாங்க வேண்டியதில்லை.

எவர்சில்வர் திருகாணி மென்மையானது, முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டுத் திருகுங்கள்.


தச்சன்மகன்

சரியாகச் சொன்னீர்கள். பைன் மரத்துக்கே துளை வேண்டும் என்றால் பாலாவ், செங்கால் மாதிரிக் கனத்த மரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தூணுக்கு மட்டுமாவது சுங்கை காடுட் போய் பாலாவ் பார்த்து வாருங்கள் அக்கா. பலகை பைன் மரமாக இருக்கலாம், மாற்றுவது எளிது. தூண் போனால் எல்லாம் போச்சு.


தோட்டத்துத்தாத்தா

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கீழே சமூகத் தோட்டம் பார்த்துக்கொள்கிறவன். மரவேலை எனக்கு அதிகம் தெரியாது. தோட்டத்தில் வேலி வைத்தபிறகு என்னென்ன வரும் என்பது தெரியும்.

முதலில் கொசு. உலோகத் தூண் வைத்தால் உள்ளே குழாய் மாதிரிக் காலியாக இருக்கும். மேல்மூடி இல்லையென்றால் மழை நீர் நேராக உள்ளே இறங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும், அதற்கு 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் எப்போதும் சொல்வார்கள். துணிக்கம்பு செருகும் குழாய்களை மூடிவைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். தூண் மூடி தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி கையால் அசைத்துப் பாருங்கள். மரத் தூணை ‘ப’ வடிவ இரும்புப் பாதத்தில் நிறுத்தினால் பாதத்தின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் நீர் தேங்கும். மூங்கில் தட்டி வைப்பவர்கள் வெட்டிய வாயை அடைத்துவிடுங்கள்.

அடுத்தது கறையான். மரம் மண்ணைத் தொடவே கூடாது அம்மா. தூணின் அடி தரையிலிருந்து 5 செ.மீ. மேலே, பலகையின் அடியும் அதே அளவு மேலே. கறையான் மண்ணிலிருந்து மேலே ஏற மண்குழாய் கட்டித்தான் ஆகும். இடைவெளி இருந்தால் அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும், நாம் பார்த்து ஆள் கூப்பிடலாம். அழகாக இருக்கும் என்று வேலியடியில் மரத்தூள், சருகு, உரமண் குவிப்பார்கள். அப்படிக் குவித்தால் அந்த 5 செ.மீ. போய்விடும், பிறகு உள்ளே நடப்பது தெரியாது.

சங்குப்பூ வேலிக்குத் தாவும், தாவட்டும், அது லேசான கொடி. முல்லை தண்டு முற்றினால் சட்டங்களின் இடுக்கில் நுழைந்து பருத்து பலகையை நெம்பிவிடும். அதைப் பந்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேஷன் ஃபுரூட் போடலாம் என்று யாராவது சொன்னால் வேலியில் வேண்டாம், காய்த்தால் கனம் தாங்காது.


மல்லிகைப்பந்தல்

நன்றி தாத்தா, நன்றி எல்லோருக்கும். கம்பி பார்க்கிற ஆள் வந்து பார்த்துவிட்டார், வேலிக் கோட்டில் ஒன்றும் இல்லை. கழிவுநீர் மூடி கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. இப்போது வரிசை எப்படி? நான்கு தூணையும் முதலில் நட்டுவிட்டுப் பலகை மாட்டுவதா, ஒவ்வொன்றாகப் போவதா? தரை பந்தலிலிருந்து சுவர்ப் பக்கம் கொஞ்சம் சரிகிறது. தரைக்குள் சம்மட்டியால் அடித்து இறக்கும் கூர்முனைப் பாதம் வாங்கினால் கான்கிரீட்டே வேண்டாம் என்று கடையில் ஒருவர் சொன்னார், அது சரிவருமா?


தச்சன்மகன்

கூர்முனைப் பாதம் முழங்கால் உயரப் பூப்பாத்தி வேலிக்குச் சரி. ஆளுயர அடைப்பு வேலிக்கு, மழையில் இளகும் மண்ணில், வேண்டவே வேண்டாம். அடிக்கும்போது ஒரு கல் தட்டினாலே திரும்பிக்கொள்ளும், பிறகு தூண் நேராக நிற்காது.

ஒவ்வொன்றாகப் போங்கள். பலகை 180 என்று தாளில் இருந்தாலும் கையில் அளந்தால் சில மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கும். நான்கு தூணையும் நட்டு கான்கிரீட் இறுகியபிறகு பலகை நுழையவில்லையென்றால் அறுப்பதைத் தவிர வழியில்லை.

முதல் வேலை நூல். பந்தல் காலை ஒட்டி ஒரு முளை, சுவர் ஓரத்தில் ஒரு முளை அடித்து நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் பந்தலின் முகத்துக்கு நேராகப் போகிறதா என்று பாருங்கள். பந்தலே கோணலாக நின்றால் சுவருக்கு நேராக வைப்பதா, பந்தலுக்கு நேராக வைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் பந்தலுக்கு நேராகத்தான் வைப்பேன். உட்காரும் இடத்திலிருந்து கண்ணில் படுவது அதுதான்.

பலகையைப் பூட்டும்போது தரையில் படுக்கப்போட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் முனையை லேசாகத் தட்டினால் சரியாகிவிடும், பிறகு திருகாணியை முழுதாக முறுக்குங்கள். தூணில் பாதத்தையும் படுக்கையிலேயே பூட்டிவிடுங்கள். வெட்டிய முனை எதுவாக இருந்தாலும் மருந்து தடவாமல் நிறுத்தாதீர்கள், மரம் நீரைக் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான்.

பந்தல் பக்கத்துத் தூண்தான் முதல் தூண். குழியில் நிறுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்டுக் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு முகம் மட்டும் பார்த்தால் தூண் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. கான்கிரீட்டை ஊற்றிக் குத்திவிடுங்கள், காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. மேல்முகத்தைத் தூணிலிருந்து வெளியே சரிவாகத் தேயுங்கள். அடுத்த நாள் பலகையை 5 செ.மீ. கட்டைமேல் நிறுத்தி, தூணுக்கும் பலகைக்கும் நடுவே 1 செ.மீ. ரீப்பர் செருகி, பலகையைத் தூணோடு இணைக்கும் பிடிகளைத் திருகுங்கள். பக்கத்துக்கு இரண்டு பிடி என்று தாளில் இருக்கும், நீங்கள் மூன்று போடுங்கள். பிறகு அந்தப் பலகையின் மறுமுனை சொல்லும் இடத்தில் இரண்டாவது தூண். அது இறுகும்வரை பலகைக்கும் முட்டு இருக்கட்டும்.

சரிவுக்குப் பலகையைச் சாய்க்காதீர்கள், படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு பலகையும் மட்டமாக நிற்க வேண்டும், அடுத்தது சில சென்டிமீட்டர் கீழே. தூண் நீளம் அதற்கேற்ப மாறும், வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். மிச்சம் வரும் இடைவெளி சுவர்ப் பக்கம் விழட்டும், பந்தல் பக்கம் வேண்டாம்.


கட்டுமானக்காரர்

அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். காலையிலேயே ஊற்றிவிடுங்கள், தார்ப்பாயைப் பக்கத்தில் வையுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஒருநாளில் பலகை மாட்டலாம் என்று தம்பி சொன்னது மாட்டுவதற்கு மட்டும். கான்கிரீட் முழு வலிமைக்கு வர 28 நாள் ஆகும். வானம் கருத்தால் முட்டுகளை எடுக்காதீர்கள்.

இன்னொரு யோசனை. பந்தலை ஒட்டிய முதல் பலகையை மட்டும் 180இலிருந்து 90க்கு வளைந்து இறங்கும் வகையாக வைக்கலாம், உயர்ந்த பக்கம் கம்ப்ரசர் இருக்கும் சுவர்ப் பக்கம். பந்தலுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும், முதல் தூணுக்குச் சுமையும் குறையும்.


மல்லிகைப்பந்தல்

வேலி நிற்கிறது! கட்டுமானக்காரர் அண்ணன் சொன்னபடி முதல் பலகை இறங்கும் வகை. பந்தலின் இரண்டு கால்களுக்கும் கீழே கான்கிரீட் போட்டாயிற்று. தூண்கள் பாலாவ். வீட்டுக்காரர் முதல் தூணுக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு முகம் சரி, அடுத்த முகத்தில் குமிழி ஓரத்துக்கே ஓடியது. தச்சன்மகன் தம்பி எழுதியதைக் காட்டினேன், கான்கிரீட் ஊற்றும் முன்பே நிமிர்த்திவிட்டார். பந்தலுக்கும் தூணுக்கும் நடுவே 9 செ.மீ. விட்டிருக்கிறோம். கம்ப்ரசர் சூடு இப்போது பந்தலடிக்கு வரவில்லை, அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கம்ப்ரசரை மறைத்த பலகைக்கும் அதற்கும் நடுவே 40 செ.மீ.தான் இருக்கிறது. போதுமா?


கட்டுமானக்காரர்

சூடான காற்று வெளியேறும் முகம் பலகையைப் பார்த்து இருந்தால் 40 போதாது. அடைப்பில் மோதித் திரும்பும் சூடான காற்றையே கருவி மறுபடி இழுக்கும், மின்சாரமும் கூடும். கருவியோடு வந்த கையேட்டில் முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள், அதை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த ஒரு பலகையில் மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சட்டத்தைக் கழற்றி, கழற்றியதை மறுபக்க முகத்தில் இடைவெளிக்கு நேராகத் திருகுங்கள். நேராகப் பார்த்தால் கருவி தெரியாது, பக்கவாட்டில் காற்று போகும். காற்றுச் சுமையும் அந்தப் பலகையில் குறையும்.


தச்சன்மகன்

கழற்றும் சட்டங்களின் பழைய திருகாணித் துளைகளை மருந்து தொட்ட மரக்குச்சியால் அடைத்துவிட்டு, இரண்டு விரல் தள்ளிப் புதுத் துளை போடுங்கள் அக்கா. பழைய துளையில் மறுபடி திருகினால் பிடிப்பு இருக்காது.